வெறும் வயிறு

பிளக் மூன்றாவது முறையாகக் கழன்று விழுந்தது. பாஸ்கல் படுத்திருந்த ஃப்ரீசர் பெட்டியின் முனகல் நின்றதும், செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களும் பாதி மணியில் நின்றுவிட்டார்கள். ஜூடி எழுந்து போய்ச் சுவரோரம் குந்தி உட்கார்ந்தாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரிச் சுருளை எடுத்துப் பல்லால் கிழித்து, பிளக்கைச் சுவரோடு சேர்த்து ஒட்டினாள். பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது. செபமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வாசல் பந்தலில் ஏழு ஆண்கள் அந்தப் பிளக்கை என்ன செய்யலாம் என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எலெக்ட்ரீஷியனுக்கு மச்சான் வேறு.

"சிஸ்டர், கூலிங் சரியா கீதான்னு பாரு," என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

சிஸ்டர் என்றது ஜூடியைத்தான். பதினான்கு வருடமாக மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கிறாள். பையன்களுக்குப் பாடமும் எடுக்கிறாள். ராயபுரம் மாதா கோயில் பின்சந்தில் அவள் இன்னும் நர்ஸ் சிஸ்டர்தான். அப்பா பாஸ்கல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய குரலில், "சிஸ்டரு இல்லபா, சர்ஜன்" என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். சந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "அது சரி மாமு, கண்ணாலம் எப்போ?" என்றது. அவளுக்கு முப்பத்தொன்பது ஆனதும் அந்தக் கேள்விக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 'கத்தியக் கட்டிகினா' என்று ஃபைலை மூடியது.

பாஸ்கல் இறந்தது ஞாயிற்றுக்கிழமை பகலில், சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தபோது. ஜூடி அப்போது டூட்டியில் இருந்தாள். அது அவளுடைய டூட்டி அல்ல, கூட வேலை பார்க்கும் டாக்டர் அறிவின் டூட்டி. அறிவுக்கு மகள் பிறந்தநாள். உனக்கென்ன, வீட்டில் பிள்ளையா குட்டியா என்று துறையில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டூட்டி அட்டவணை மாதாமாதம் சொல்லியது.

இன்று செவ்வாய். பாஸ்கலின் மகன் நோயல் பஹ்ரைனிலிருந்து வரவேண்டும். முதல் விமானத்தில் இடமில்லை; அடுத்தது எட்டு மணி நேரம் தாமதம். "புள்ள வந்து மூஞ்சி பாக்காம எப்டி எடுக்கறது?" என்று அம்மா சிலுவையம்மாள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். சாமியார் பூசையைத் தள்ளிவைத்தார். காசிமேட்டுக் கல்லறையில் குழியைத் தள்ளிவைத்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மகன் வராமல் எப்படி?

அதே ஞாயிறு மாலை ஜூடியும் ஒரு நாளைத் தள்ளிவைக்கக் கேட்டிருந்தாள்.

"சார், அப்பா தவறிட்டார். செவ்வாய்க்கிழமை கேஸை வியாழனுக்கு மாத்திக்கலாமா?"

கணையத்தில் கட்டி. வயிற்றைப் பிளக்காமல் துளை போட்டு அதை எடுப்பது அந்தக் கல்லூரியில் இதுதான் முதல் தடவை. அதற்காக ஒரு வருடம் கோயம்புத்தூரில் தங்கிக் கற்றுவந்தவள் ஜூடி. நோயாளியைக் கண்டுபிடித்தவள் அவள், மூன்று வாரம் பேசிச் சம்மதிக்கவைத்தவளும் அவள்.

"நீ வீட்டைப் பாரும்மா," என்றார் துறைத் தலைவரான சீஃப், மிகவும் கனிவாக. "இந்த மாதிரி நேரத்துல அம்மா பக்கத்துல பொண்ணுதான் இருக்கணும். அறிவு பண்ணிக்குவான். நீ ஒண்ணு ஒண்ணா எப்படிப் பண்ணணும்னு எழுதி அவனுக்கு வாட்ஸ்அப் பண்ணிடு."

போன வருடம் அறிவின் அப்பா போனபோது இதே சீஃப் பத்து நாளைக்கு அவன் கேஸ்களை எல்லாம் நிறுத்திவைத்தார். மாலையோடு செங்கல்பட்டு வரை போனார். "மனுஷன் அப்பாவைப் பறிகொடுத்துட்டு நிக்கறான், எப்படிக் கத்தி பிடிப்பான்?" என்றார். அந்தப் பத்து நாளும் அவன் வார்டையும் புறநோயாளிகளையும் பார்த்தது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எழுதி அனுப்பினாள். பெட்டியின் கண்ணாடி மூடிமேல் காகிதத்தை வைத்து, பதினேழு படிகள். பன்னிரண்டாவதில், 'இங்கே அவசரப்படாதே' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். அறிவு கெட்டிக்காரன்தான். ஆனால் இந்த அறுவையில் அவன் இதுவரை கோயம்புத்தூர் போய்க் கேமரா பிடித்ததோடு சரி, அதுவும் இரண்டு தடவை.

இந்நேரம் ஆபரேஷன் மேசையை அவன் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் செய்யும்போது யாரும் இறக்குவதில்லை. காலடிக்கு ஒரு மரப்பலகை. அதையும் அவளே தூக்கிவந்து போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் அதன்மேல் நின்றுவிட்டு வந்தால் இரண்டு நாள் இடுப்பு தூங்க விடாது. சொன்னால், "அதான் லேடீஸுக்கு இந்த டிபார்ட்மென்ட் வேணாம்னு சொல்றது" என்பார்கள். அதனால் சொல்வதில்லை.

பதினொன்றரைக்குச் சந்து முனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நோயல்தான் என்று பந்தல் மொத்தமும் எழுந்தது. இறங்கியது தாஹிரா.

டோல்கேட் ஏரியாவில் நைட்டி தைத்து விற்கும் தாஹிராவை அந்தச் சந்துக்கு நன்றாகத் தெரியும். துக்கத்துக்கு வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அவள் தைத்த நைட்டியில்தான் அழுதுகொண்டிருந்தார்கள். புர்காவுக்குக் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி ஒரு சாண் தொங்கியது. புறங்கையில் க்ளூக்கோஸ் ஊசி, மணிக்கட்டில் பெயர்ப்பட்டை. பின்னால் மகள் லுப்னா, ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"இன்னா தாஹிராக்கா, உனுக்கு இன்னிக்கி ஆப்ரேசன்னாங்களே?" என்றாள் ஜானட். பாஸ்கலின் தங்கை, அண்ணன் செத்த துக்கத்திலும் ஆள் ஆளாய் விவரம் கேட்டு வாங்கும் கடமையைக் கைவிடாதவள்.

தாஹிரா பெட்டி அருகே போய்ப் பாஸ்கலின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாயில் ஜூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படுக்கவெச்சி உள்ள தள்ளிகினு போறாங்க. மேல லைட்டு லைட்டா ஓடுது. டாக்டரம்மா எங்கன்னேன். வரமாட்டாங்க, வேற சாரு பண்ணுவாருன்னாங்க. அப்போ எறக்குன்னேன். முடியாதுன்னாங்க. நானே எறங்கிட்டேன்."

"குதிச்சிடுச்சு மேடம்!" என்றாள் லுப்னா. "அவ்ளோ பேரு முன்னாடி. எனக்கு மானமே போச்சு. நீங்க சொன்னா கேக்கும், போவச் சொல்லுங்க மேடம்."

"நீ சும்மா இருடி. கையெழுத்து வாங்கசொல்லோ இன்னா சொன்ன டாக்டரம்மா? நான்தான் பண்ணுவேன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்க்கா."

"அந்த சாரு நல்லா பண்ணுவாரா?"

ஜூடி வாயைத் திறந்தாள். பதினேழு படிகளும் கண்முன் வந்தன, பன்னிரண்டாவதில் நின்றன.

"நல்லா தையல் போடுவாருக்கா," என்றாள்.

"தையலு நான்கூடத்தான் போட்றேன். வெட்றது யாருன்னு கேட்டா?"

அதற்குள் ஜானட் டீத் தட்டோடு வந்துவிட்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. எதிர்வீட்டிலிருந்து பெரிய ஃபிளாஸ்கில் வந்துகொண்டே இருந்தது. பாயில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் கையில் ஒரு கிளாஸை வைத்துவிட்டுத்தான் ஜானட் நகர்வாள். தாஹிராவின் கையிலும் வைத்தாள்.

"ஐயோ, குடுக்காதீங்க!" லுப்னா பாய்ந்தாள். "ராத்திரி பத்து மணிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு இருக்கு!"

"துக்கத்துக்கு வந்த எடத்துல ஒரு வாய் டீ. அதுக்கு இன்னா இப்போ?"

ஒரு வாய்தான். பால் கலந்த டீ ஒரு வாய் உள்ளே போனால் மயக்கமருந்து டாக்டர் ஆறு மணி நேரத்துக்குத் தொடமாட்டார். இன்றைக்கு அறுவை இல்லை. தாஹிராவுக்கும் அது தெரியும். அறுவை பற்றி ஜூடி அவளுக்கு முதலில் சொன்ன பாடமே அதுதான். கிளாஸைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் ஜூடியின் முகத்தையே பார்த்தாள். ஆவி அவள் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

ஜூடியின் மடியில் போன் அதிர்ந்தது. சீஃப்.

"ஜூடி, பேஷன்ட் அங்கயா வந்திருக்கா?"

"ஆமா சார்."

"நீ வரச் சொன்னியா?"

"இல்ல சார். சாவு வீட்ல இருக்கேன் சார்."

"டீன் வந்து உக்காந்திருக்கார். வெளிய டிவிக்காரன் நிக்கறான். இந்த நேரத்துல எமோஷனலா எதுவும் பண்ணாதம்மா, டிபார்ட்மென்ட் மானம். உடனே அனுப்பு, ஒரு மணிக்கு எடுத்துடலாம். வெறும் வயித்தோடதான இருக்கா?"

ஜூடி கிளாஸைப் பார்த்தாள். இரண்டு நாளில் கட்டி ஓடிவிடாது. இரண்டு வாரம் ஆனால் தப்பு. கோபம் வந்தால் சீஃப் அதை இரண்டு வாரமாக்கவும் தயங்கமாட்டார். அறிவு பன்னிரண்டாவது படியில் நிதானமாகவே செய்துவிடலாம். செய்யாமலும் போகலாம். தான் யோசிப்பது தாஹிராவின் வயிற்றைப் பற்றியா, நாளைப் பேப்பரில் வரப்போகும் பெயரைப் பற்றியா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"யாருடி போன்ல?" என்றாள் சிலுவையம்மாள், பெட்டிமேல் வைத்த கையை எடுக்காமல்.

"ஆஸ்பத்திரிம்மா. ஆப்பரேஷனுக்கு."

"ரெண்டு நாளு நிக்காதாமா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடி மூடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஹலோ? ஜூடி? பட்டினியாத்தான இருக்கா?"

"இல்ல சார்," என்றாள் ஜூடி, தாஹிராவைப் பார்த்தபடியே. "டீ குடிச்சிட்டாங்க."

தாஹிரா கிளாஸை உயர்த்தி ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டாள். சூட்டில் கண்ணில் நீர் வந்தது. லுப்னா நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

போனில் டீன் இருமுவது கேட்டது.

"உன் வீட்லயே குடுத்தாங்களா?"

"துக்கத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் குடுப்பாங்க சார். வியாழக்கிழமை நான் வந்துடறேன். லிஸ்ட்ல என் பேர் போடுங்க."

"பார்க்கலாம்," என்று சீஃப் வைத்துவிட்டார். அந்தப் பார்க்கலாம் அவளுக்குப் புதிதல்ல. அவள் பதவி உயர்வுக் கோப்பு மூன்று வருடமாக அதற்குக் கீழேதான் கிடக்கிறது.

"இன்னொரு கிளாஸ் குடிக்கிறியாக்கா?" என்றாள் ஜானட். இனி கொடுப்பதில் தடையில்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் எம்.கே.பி. நகர் வரை இந்தச் சேதி போய்விடும்.

அப்போது முனையில் கார் ஹாரன் கேட்டது. "நோயலு வந்துட்டான்!" செபமாலைகள் அப்படியே பாயில் விழுந்தன. ஜானட் தட்டோடு ஓடினாள்; லுப்னாகூட வேடிக்கை பார்க்கப் போனாள். சிலுவையம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். வெளியே ஒப்பாரி எழுந்தது. "உனுக்கோசரம்தான்டா உங்கப்பன் ரெண்டு நாளா காத்துகினு கீறாரு!"

உள்ளே பெட்டியின் முனகல் நின்றது. சுவரிலிருந்து பிளாஸ்திரி மெல்ல உரிந்து, பிளக்கோடு தொங்கியது.

ஜூடி குந்தி உட்கார்ந்து பிளக்கைச் செருகி இடதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரலை எடுத்தால் நின்றுவிடும். பிளாஸ்திரிச் சுருள் பாயில் எட்டாத தூரத்தில் கிடந்தது. பிளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் வலதுகையைப் பின்னால் நீட்டினாள்.

தாஹிரா காலிக் கிளாஸைக் கீழே வைத்தாள். சுருளை எடுத்து, ஒரு விரல் நீளம் அளந்து, பல்லால் கடித்து அறுத்து, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.