துண்டுக்கு அடியில் நாலு விரல்

மங்கம்மாவின் உயிருக்கு முந்நூற்றைம்பது ரூபாய் விலை சொன்னார்கள். சொன்னது நானில்லை. நானாக இருந்தால் இருநூறில் ஆரம்பித்திருப்பேன்.

சொன்னவள் ரெனிட்டா என்ற ஓசூர்ப் பெண். பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குந்தாரப்பள்ளி சந்தையில் மாடுகளுக்கு நடுவே சாணத்தை மிதிக்காமல் நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் சிலருக்கு மட்டும் நோய் ஏன் திரும்பி வருகிறது, வந்தால் உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. மொத்தம் நானூற்றுப் பதினெட்டுப் பெண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் உடம்பைக் காட்டிவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். போனால் வழிச்செலவுக்கு முந்நூற்றைம்பது. மங்கம்மா மூன்று தவணையாகப் போகவில்லை. போனிலேயே பதில் சொல்லி முடித்துவிட்டாள். அதனால் ரெனிட்டா தேடி வந்துவிட்டாள்.

"முந்நூத்தம்பதா? மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கே ஐந்நூறு வாங்கறவ நானு" என்றாள் மங்கம்மா. "அதான் போன்ல எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு சொல்லிட்டனே. அப்புறம் இன்னாத்துக்கு வந்த?"

"போன்ல கை வெச்சுப் பாக்க முடியாதுங்கம்மா."

"நீ கை வெச்சுப் பாக்க நான் இன்னா சந்தைக்கு வந்த மாடா? போ பாப்பா, வியாபார நேரம்."

அந்தப் பெண் போகவில்லை. டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. மங்கம்மாவுக்குத் தொல்லை தருகிற எவரையும் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் பகையைச் சொல்லிவிடுகிறேன். அவளும் நானும் மாட்டுத் தரகர்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் செத்தான். மூன்றாவது மாதம் அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் சந்தைக்கு வந்தாள். பொம்பளையோடு துண்டுக்குள் கைகோத்து விலை பேசுவதா என்று கத்தியவர்களில் என் குரல்தான் பெரியது. இரண்டே வருஷத்தில் பாகலூரிலிருந்து சிங்காரப்பேட்டை வரைக்கும் விற்கிறவன் பூராவும் அவள் பக்கம் போய்விட்டான். ஐந்து வருஷத்துக்கு முன் அவளுக்கு வலது மார்பை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று டீக்கடையில் எல்லோர் டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன். நாலே மாதத்தில் திரும்பி வந்து என் டீயை வீணாக்கினாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சிலர் அவளோடு துண்டு போட மறுத்தார்கள். அவர்களையும் வாயாலேயே அடித்து வழிக்குக் கொண்டுவந்தாள்.

துண்டு போடுவது என்றால் இதுதான். விற்கிறவன் தரகரும் வாங்குகிறவன் தரகரும் வலது கையைக் கோத்துக்கொள்வோம். மேலே துண்டு. முதல் பிடி பத்தாயிரங்களுக்கு, அடுத்த பிடி ஆயிரங்களுக்கு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. வாயில் மழை, தேர்தல் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்போம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்று பாகலூர் ஆஞ்சப்பனின் ஜோடி எருதுகள் மங்கம்மாவிடம் இருந்தன. வாங்க என்னிடம் ஆள் இருந்தது. கையை மொத்தமாக ஒரு பிடி, அப்புறம் நாலு விரல். ஐம்பத்து நாலாயிரம். நல்ல விலை, சொல்லும்போது எனக்கே வயிறு எரிந்தது.

கையை உதறினாள். "தூ! இதுக்குத்தான் இவ்ளோ நேரம் தடவனியா? போய் கோழி வாங்குடா பூபதி."

மேலே கேட்க ஆள் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கால்மணி நேரத்தில் இன்னொரு தரகன் முனிராஜுக்கு அதே ஜோடியைக் கொடுத்துவிட்டாள். முனிராஜ் வாய் நிற்காதவன். ஐம்பத்து மூன்றுக்கு முடித்ததாகப் பெருமையடித்தான். நான் நேராக ஆஞ்சப்பனிடம் போனேன். அவன்மேல் இரக்கப்பட்டுப் போனேன் என்று சொன்னால் அவனே நம்பமாட்டான்.

"நான் அம்பத்து நாலு கேட்டனே, உங்க மங்கம்மா சொல்லலியா?"

ஆஞ்சப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. "முனிராஜ்கிட்ட எவ்ளோ வாங்கனடி? ஆயிரத்த முழுங்கிட்டயே!"

மங்கம்மா முதலில் தெலுங்கில் திட்டினாள். அவளுக்கு வீட்டுப் பேச்சும் வசவும் தெலுங்கு, வியாபாரம் தமிழ். திட்டி முடித்துத் தமிழுக்கு வந்தாள். "பொய் சொல்றான். ரெண்டு வெரலுதான் புடிச்சான். அம்பத்து ரெண்டு."

"நாலு" என்றேன்.

"ரெண்டுடா, பொறுக்கி!"

கூட்டம் கூடிவிட்டது. தரகர் விலையை மறைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுவாரம் அவர் பிடியில் ஒரு கன்றுக்குட்டிகூட இருக்காது. பதினெட்டு வருஷமாக நான் காத்திருந்த நாள் அது. "மறுபடி துண்டு போடலாம்" என்றேன். "எல்லார் முன்னாடியும். நான் புடிக்கறேன். எத்தினின்னு நீயே சொல்லு."

"போட்றா" என்று கையை நீட்டினாள்.

அப்போதுதான் பார்த்தேன், முழங்கைக்கு மேலே அவள் கை வீங்கி, ரவிக்கை இறுகிக் கிடந்தது. துண்டு விழுந்தது. முதலில் ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். "ஒண்ணு." நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தேன். "ரெண்டு. இன்னாடா, எனக்கு ஒண்ணாங்கிளாஸ் நடத்தறியா?" கூட்டம் சிரித்தது. நான் அவ்விரண்டையும் விட்டுவிட்டு மோதிர விரலையும் சுண்டுவிரலையும் பிடித்தேன். எலும்பு நெறிபடும் அளவுக்கு.

மங்கம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சுருக்கமில்லை.

"புடிடா" என்றாள்.

நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னா வேடிக்க பாக்கற? புடி!"

அந்த நொடியில் துண்டுக்குள் இருந்தது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிகிற விஷயம்கூட இல்லை, எனக்கு மட்டும் தெரிகிற விஷயம். தரகனுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் அவளை ஏமாற்றிச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அன்றைக்கே ஜெயிக்க வேண்டியிருந்தது. துண்டை உருவினேன்.

அவள் விரல் இரண்டும் என் முஷ்டிக்குள் வெளுத்துப்போயிருந்தன. கூட்டம் பார்த்தது. அப்புறம்தான் மங்கம்மா குனிந்து பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் ஜெயித்த ருசி நாக்கில் வரவில்லை.

அவள் இடது கையால் சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஆயிரம் ரூபாயை ஆஞ்சப்பன் மார்பில் அடித்த மாதிரி வைத்தாள். "மங்கம்மா திருடலன்னு சொல்லு. சத்தமா சொல்லு."

"திருடல" என்றான்.

ரெனிட்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "எப்பத்திலிருந்து?"

"குளிர்ல மரத்துப்போச்சு."

"சித்திரை மாசத்துல குளிரா?"

அந்தப் பெண் விடவில்லை. தோளில் வலி உண்டா? உண்டு. படுத்தால் அதிகமாகிறதா? ஆகிறது. எத்தனை மாதம்? நாலு.

"போன மாசம் போன்ல இதையேதான கேட்டேன்? கை மரத்துப்போகுதா, தோள் வலிக்குதான்னு. எல்லாத்துக்கும் இல்லன்னீங்க."

"ஆமான்னு சொன்னா நீ சந்தைக்கே வந்து நிப்பன்னுதான். இப்ப வந்து நிக்கிறல்ல?"

"உங்க வலி உங்களோடதுன்னு நெனச்சீங்களா?" ரெனிட்டாவுக்குக் குரல் ஏறியது. இரக்கம் காட்டுகிற ஜாதி இல்லை அவள். "ஆபரேஷன்ல எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு நெனைப்போம். ஒண்ணு ரெண்டு செல் எங்கயாவது பதுங்கிக் கெடக்கும். வருஷக்கணக்கா தூங்கும். எது முழிக்கும், எப்ப முழிக்கும், முழிக்கறதுக்கு முன்னாடி என்ன அடையாளம் காட்டும்னு தெரிஞ்சுக்கத்தான் நானூத்திச் சொச்சம் பேர் பின்னாடி அலையறோம். நீங்க பொய் சொன்னா, உங்கள மாதிரி உடம்பு இருக்கறவங்களுக்கு அஞ்சு வருஷம் ஒண்ணும் வராதுன்னு எழுதி வெப்போம். அதைப் படிச்சு ஒரு டாக்டர், கை மரத்துப்போச்சுன்னு வர்ற இன்னொருத்திய ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்புவார்."

பல்லை ராவி வயசைக் குறைத்து விற்ற கிழட்டு மாட்டை வாங்கி ஏமாந்தவன் பேசுவது போல இருந்தது. ஞாயமான கோபம்.

"திரும்ப வந்துருச்சா?" என்றாள் மங்கம்மா.

"தெரியாது. ஆபரேஷனுக்கப்புறம் வெச்ச ரேடியேஷன் கரண்ட்டுல நரம்பு கெட்டிருக்கலாம். கட்டி வந்து நரம்ப அமுக்கலாம். ஸ்கேன் பண்ணாத்தான் தெரியும். இன்னிக்கே வாங்க."

"வரமாட்டன்."

"அம்மா!"

"வந்து படுத்தா சோறு எவன் போடுவான்? இப்பவே பாரு, எவனாவது எங்கிட்ட நிக்கிறானா?"

உண்மைதான். கூட்டத்தில் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார்கள். நான் மட்டும் நகர மறந்து நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"துண்ட உருவனவன் நீ. எம் பொழப்புல மண்ணப் போட்டவன் நீ. நான் வர்ற வரைக்கும் எம் பக்கத்து ஆளுங்க மாட்டையெல்லாம் நீ வித்துக் குடுக்கற. தரகு பூரா எனக்கு."

"பூராவா? கால் பங்கு."

"முக்கால். இது தண்டம்டா, தருமம் இல்ல."

"ஒழைக்கறது நானு. பாதி. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

"பாதி. ஒரு மாட்ட மறைச்ச, வந்து பல்ல ஒடைப்பன்."

சந்தையில் துண்டில்லாமல், பத்துப் பேர் காதுபட நான் முடித்த முதல் வியாபாரம் அது. ரெனிட்டா பொறுமையில்லாமல் கையிலிருந்த டேப்லெட் திரையைத் தட்டினாள். அதில் ஒரு கேள்வி இருந்ததாம். அறிகுறியை முதலில் கவனித்தது யார்? நோயாளியா, வீட்டாரா, டாக்டரா?

"எதிரின்னு போடு" என்றாள் மங்கம்மா.

"அப்டி ஒண்ணு இதுல இல்லிங்க."

"இல்லன்னா சேத்துக்க. இன்னா ஆராய்ச்சி பண்றீங்க."

மதிய பஸ்ஸில் இருவரும் போனார்கள். பஸ் கிளம்பும்வரை மங்கம்மா ஜன்னல் வழியாக ஆஞ்சப்பனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நோய் திரும்பித்தான் வந்திருந்தது. காரை எலும்புக்குப் பின்னால், கைக்குப் போகிற நரம்புகளின் கட்டுக்குள். நுரையீரலிலும் எலும்பிலும் ஈரலிலும் இன்னும் இல்லை என்று ரெனிட்டா போனில் சொன்னாள். "இன்னும்" என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னதை நான் கேட்காதது போல இருந்துகொண்டேன். அங்கேயே தங்கிச் சில வாரம் வைத்தியம், தினம் மாத்திரை, மாதம் ஒரு ஊசி. விரல் இரண்டும் திரும்ப உயிர் பெறுமா என்று கேட்டதற்கு, டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை என்றாள். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பொய்ப் பதில்களை அடித்துவிட்டு, மங்கம்மாவை உட்காரவைத்து வலி தொடங்கிய தேதி முதல் எல்லாவற்றையும் திருத்தி எழுதினார்களாம். அதற்கு மட்டும் மூன்று மணி நேரம் ஆனதாம்.

ஒன்பது சந்தை போயின. பத்தாவது சந்தையன்று காலையில் மங்கம்மாவே போன் செய்தாள். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"என் உடம்ப விசாரிக்க அங்க ஆளு இருக்குது. நீ கணக்குச் சொல்லு."

"இருவத்தொம்பது வியாபாரம். ஒண்ணுக்குத் தரகு அறுநூறு. உன் பாதி முந்நூறு. எட்டாயிரத்து எழுநூறு. அனுப்பியாச்சே."

"முப்பத்தொண்ணு. போன வாரம் கெடாரி ரெண்டு வித்தயே, அத இன்னா உங்கப்பன் கணக்குலயா எழுதன?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சந்தையில் எவனை ஒற்றனாக வைத்திருக்கிறாள் என்று இன்றுவரை தெரியவில்லை. முனிராஜாக இருக்கலாம். கொஞ்ச நேரம் முனகிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று, தலைக்கு முந்நூறு, ஒன்பதாயிரத்து முந்நூறு. கொடுத்தது போக அவள் கணக்கில் என் பாக்கி அறுநூறு. நான் உண்மையில் மறைத்தது மூன்று; ஒன்று அவள் ஒற்றன் கண்ணுக்கும் தப்பிவிட்டது. என் கணக்கில் தொள்ளாயிரம்.