மேடையில் இறந்த தாய்

பல்கலைக்கழகத்தின் நன்கொடை அதிகாரி தன் தாய் இறந்துவிட்டதாக முதன்முதலில் சொன்ன மாலையில், தெருமுனை இஸ்திரிக் கடையில் நின்றிருந்த அந்தத் தாயின் இடது கை கண்ணுக்குத் தெரியாமல் போனது. வலி இல்லை. கை வழக்கம்போல் காலரை மடித்தது. வாடிக்கையாளர்கள் சற்று நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, கூலியில் பேரம் பேசத் தொடங்கினார்கள்.

திட்டமிட்டுச் சொன்ன பொய் அல்ல. ஏழை மாணவர் உதவி நிதிக்கான வருடாந்திர விருந்தில், அதே நிதியில் படித்து முன்னுக்கு வந்தவன் என்று அவனை மேடையேற்றினார்கள். இறங்கி வந்ததும் ஒரு சிமெண்ட் வியாபாரி பேனாவைத் திறந்தபடியே, "அம்மா என்ன பண்றாங்க தம்பி?" என்று கேட்டார். அவர் போட்டிருந்த சட்டையே அவள் தேய்த்ததுதான். அதைச் சொல்ல நாக்கு கூசியது. "இறந்துட்டாங்க சார்" என்றான். வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதிய தொகையோடு ஒரு சைபரைச் சேர்த்தார்.

மறுவருடம் துணைவேந்தரே, "அந்த அம்மா விஷயத்தை மேடையிலயே சொல்லிடுங்க" என்றார். சொன்னான்; தோள் போனது. பட்டினி, காய்ச்சல், வெள்ளம் என்று ஆண்டுக்கொரு விதமாக அவளைச் சாகடித்தான். அவள் குறையக் குறைய நிதி வளர்ந்தது. பாதிக் கட்டணம் முழுக் கட்டணமானது, விடுதியும் சாப்பாடும் சேர்ந்தன. கடைசியில் அவள் உடுப்புக்கு மேலே இரண்டு கண்கள்தான் மிச்சம்.

அவளுக்கு எதுவும் தெரியாது என்று நம்பியிருந்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? உதவித்தொகையில் படிக்கும் ஒரு பெண், துணி கொடுக்க வந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், "எங்க சாருக்கு அம்மா இல்ல, பாவம்" என்று.

அவ்வருட விருந்துக்கு முன் அவன் கடைக்கு வந்து தலைகுனிந்து நின்றான். "இன்னைக்கு உண்மையச் சொல்லிடறேம்மா. நீ பழையபடி ஆயிடுவ."

கண்கள் அவன் பக்கம் திரும்பின. "சொன்னா, பணம் குடுத்தவங்க சும்மா இருப்பாங்களா? அந்தப் பொண்ணு படிப்பு என்னாகும்?"

அவன் மேசையில் கிடந்த ஒரு சட்டையின் பொத்தானைத் திருகினான்.

"அப்ப நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். ஆனா எதுல செத்தேன்னு ஒண்ணையே சொல்லு. வருஷத்துக்கு ஒண்ணு சொல்றியாமே, பசங்க பேசிக்குதுங்களாம். கேக்கவே அசிங்கமா இருக்கு."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று அவனுக்கு இருந்தது. அன்றும் சொன்னான், காய்ச்சல் என்று. கண்களும் போயின.

இப்போது அந்த நிதிக்கு அவள் பெயர். விருந்துக்கான மேசைவிரிப்புகளை இன்றும் அவளே தேய்த்துக் கொடுக்கிறாள். அலுவலக உதவியாளர், ஆளில்லாத உடுப்பின் முன்னால் தானாக நகரும் இஸ்திரிப் பெட்டியின் பக்கத்தில் கூலியை வைத்துவிட்டு, "வர்றேம்மா" என்று சொல்லிப் போகிறார். மகன் மட்டும் தன் சட்டையை அவளிடம் கொடுக்கக் கூசி, கசங்கியதைப் போட்டுக்கொண்டே மேடையேறுகிறான். அதை எளிமை என்று நன்கொடையாளர்கள் மெச்சுகிறார்கள்.