புதன்கிழமை வகுப்பின் கடைசி வாங்கு

கடலுக்குப் போய்க் காணாமற்போன சில்வெஸ்ரர், பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, எண்பத்தேழாம் ஆண்டு மாசியில் ஒரு புதன்கிழமை பின்னேரம், ஊர்காவற்றுறையில் நடந்த ஆங்கில இலக்கிய வகுப்புக்கு வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். சாரமும் சட்டையும் நனைந்து சொட்டின. வாங்கின் கீழே தேங்கிய தண்ணீரில் சின்ன இறால் ஒன்று துள்ளியது. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே என்னத்துக்கு வந்தார் என்றுதான் மாணவர்கள் முதலில் யோசித்தார்கள்.

வகுப்பை நடத்தியவர் ஞானசவுந்தரி ரீச்சர். கொழும்பில் ஒரு கல்லூரியில் பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி, ஒரு பை உடுப்போடும் ஒரு பெட்டி புத்தகத்தோடும் ஊருக்குத் திரும்பினார். துறைமுகத்தடியில் வெறுமையாய்க் கிடந்த புகையிலைக் கிட்டங்கியில், வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படிக்கிற பத்தொன்பது பேருக்குத் திங்கட்கிழமை எழுத்தும் புதன்கிழமை இலக்கியமும் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக்கு அவரிடம் ஒரே சட்டம்தான் இருந்தது: கண்டதை எழுது, காணாததை எழுதாதே.

சில்வெஸ்ரரின் மனைவி மேரிறோஸ் எட்டாம் வகுப்போடு நின்றவர். கணவரின் வள்ளம் எழுவைதீவுக்கு அங்கால், வலை நனையாமல், ஆளில்லாமல் மிதந்த நாளிலிருந்து அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர். காசு கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்த கடிதங்களுக்கெல்லாம், உங்கள் விடயம் கவனிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. கடைசியில், முப்பத்துநாலு வயதில், கிட்டங்கி வாசலில் வந்து நின்றார்.

"எனக்குப் பட்டம் வேண்டாம் ரீச்சர். ஒரு கடிதம் எழுதத் தெரிஞ்சால் காணும்."

"என்ன கடிதம்?"

"என்ரை மனுசன் எங்கை எண்டு கேக்கிற கடிதம்."

"அதுக்கு இலக்கியம் தேவையில்லை. திங்கட்கிழமையில மட்டும் வாரும்."

"புதன்கிழமையும் வாறன். ஒரு மூலையில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

எட்டு மாதத்தில் அவர் பதினொரு வரியில் ஒரு கட்டுரை எழுதினார். கடலுக்குப் போன அன்று சில்வெஸ்ரர் பழஞ்சோறு சாப்பிட்டது, உப்புக் காணாது என்று கோபித்தது, தான் எதிர்த்துப் பேசியது, சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லாமல் போனது. அவ்வளவுதான். ரீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனையை மூடினார். அந்தப் புதன்கிழமை, பாடத்திட்டத்துக் கவிதை முடிந்த கையோடு, அதையே வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். ஒன்பதாவது வரியில் சில்வெஸ்ரர் உள்ளே வந்தார். மூன்றாவது பொத்தான் இருக்கவில்லை.

வகுப்பு முடியும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது என்று ரீச்சர் சொல்லிவிட்டார். முடிந்ததும் மேரிறோஸ் பின்வாங்குக்கு ஓடிப்போனார்.

"எங்கையப்பா இருக்கிறியள்?"

"தெரியேல்லை. இஞ்சை வாசிக்கேக்கை கேக்குது. கேட்ட பக்கம் வாறன்," என்றார் அவர்.

வீட்டுக்குக் கூட்டிப்போவோமென்று மேரிறோஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படியைத் தாண்டினபோது கையில் ஈரம் மட்டும் இருந்தது. அடுத்த புதன்கிழமை சில்வெஸ்ரர் திரும்பவும் வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். கரையார் சிலர் வாசலில் நின்று எந்தப் பக்கம் மீன் படுகிறது என்று விசாரித்தார்கள். அவர் சொன்னது பிழைக்கவில்லை.

பிறகு, காணாமற்போனவர்களைத் தேடுகிற மற்றப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். செபஸ்தியம்மா சொல்லச் சொல்ல மேரிறோஸ் ஆங்கிலத்தில் எழுதினார்: என் மகன் தங்கமான பிள்ளை, ஒருவரையும் நோகச் சொல்லாதவன். வாசித்தபோது ஒருவரும் வரவில்லை. இரண்டு கிழமை அழுதுவிட்டு, செபஸ்தியம்மா திருத்திச் சொன்னார்: அவன் தங்கச்சிக்கு அடிக்கிறவன், அயல் வீட்டு முட்டைகளைக் களவெடுத்தவன், நித்திரையில் சிரிக்கிறவன். அன்று பையன் தலையைக் குனிந்தபடி வந்து சில்வெஸ்ரருக்குப் பக்கத்தில் இருந்தான். அதற்குப் பிறகு ஊரில் பொய்க் கட்டுரை எழுதுவது நின்றுபோயிற்று. ரீச்சர் மேலும் நாலு வாங்கு செய்வித்தார்.

எண்பத்தொன்பதில் கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினால் மரணச் சான்றிதழ் தருவார்களாம். மேரிறோஸ் தன் கையாலேயே நிரப்பினார். கடைசியாகக் கண்ட திகதி என்ற இடத்தில், போன புதன்கிழமை என்று எழுதினார்.

"எண்பத்தைஞ்சு மார்கழி எண்டு போட்டால் அலுவல் முடிஞ்சிடும்," என்றார் ரீச்சர்.

"கண்டதை எழுதச் சொன்னது நீங்கள்தானே?"

ரீச்சர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டுக் கடித உறையை ஒட்டினார். படிவம் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் மேரிறோஸ் திகதியை மாற்றினார். எழுதுவதற்கு முந்திய புதன்கிழமையைப் போட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், இராணுவம் வருகிறதென்று தீவு வெறுமையானது. கடைசி வகுப்பில், கோண்டாவிலில் ரீச்சரின் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டுக்கு வரும் வழியை ஆட்கள் சொன்னபடி எழுதி, மேரிறோஸ் பின்வாங்குக்காரருக்கு உரத்து வாசித்தார். அவர்கள் தலையாட்டினார்கள். மற்றவர்கள் அராலித்துறைக்கு வள்ளத்தில் போய், அங்கிருந்து நாலு பக்கமும் தறப்பாள் மூடிய லொறியில் கோண்டாவில் சேர்ந்தார்கள்.

தையில் வகுப்பு அங்கே தொடங்கியது. கடல் மணமே எட்டாத இடம். வாழைத்தோட்டத்து நடுவில் ஒரு கொட்டில். இரண்டு புதன்கிழமை பின்வாங்கு காய்ந்தபடி கிடந்தது. மேரிறோஸ் பாடத்தில் கண்ணை வைக்கமாட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வழியை நீர் கண்டனீரோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"இல்லை ரீச்சர். சொல்லக் கேட்டு எழுதினனான்."

அடுத்த நாள் விடிய மேரிறோஸ் அராலித்துறைக்குப் போய், அங்கிருந்து கோண்டாவில்வரை நடந்தே வந்தார். பூட்டிக் கிடந்த தேத்தண்ணிக்கடையை, நீலக் கேற்றுக்கு முன்னால் படுத்திருந்த நொண்டி நாயை, செருப்பு அறுந்த இடத்தை, மண் சிவக்கத் தொடங்கிய வளைவைக் கண்டார். கண்டதை எழுதினார். மூன்றாவது புதன்கிழமை, ஒரு வரியும் விடாமல் வாசித்தார்.

வாசித்து முடிந்து கனநேரம் ஒருவரும் வரவில்லை. ரீச்சர் பாடப் புத்தகத்தைத் திறந்து அன்றைய கவிதையைத் தொடங்கியபோது சில்வெஸ்ரர் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் செபஸ்தியம்மாவின் மகனும் மற்றவர்களும் வந்தார்கள். ஒருவரிலும் ஈரம் இல்லை. முழங்கால்வரை செம்மண் புழுதி. சில்வெஸ்ரர் வாங்கில் இருந்து நெற்றியைத் துடைத்தார்.

"தண்ணி தா," என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் தடவை. மேரிறோஸ் கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு நிறைய அள்ளிவந்து கொடுத்தார். அவர் குடித்து முடியும்வரை ரீச்சர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பொறுத்திருந்தார். பிறகு அடுத்த வரியை வாசித்தார்.