ஆறு ரன்னுக்கு மார்வலஸ்

என் வீட்டுக்காரர் எல்லப்பனுக்கு இங்கிலீஷில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். அத்தனையும் ஊரான் ஜெயித்தால் சொல்வதற்கு.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மைக்செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வாடகைக்குப் போகிற மைக்செட், பொங்கலுக்கு மட்டும் இனாமாக கிரிக்கெட் கிரவுண்டுக்குப் போகும். கமெண்ட்ரி சொல்வதும் இவர்தான். பத்தாவது ஃபெயில் என்றாலும் ரேடியோவில் மேட்ச் கேட்டுக் கேட்டு வார்த்தைகளைப் பொறுக்கி வைத்திருந்தார். இரண்டு ரன் ஓடினால் ‘குட்’. நாலு அடித்தால் ‘சூப்பர்ப்’. ஆறு அடித்தால் ‘மார்வலஸ்’. கப் ஜெயித்தவனுக்குத்தான் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’. அதைச் சும்மா சொல்ல மாட்டார், மூச்சு முட்டும் வரை இழுப்பார்.

குழாய் ஸ்பீக்கரில் ஒன்று எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கும். நான் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன். பன்னீர்செல்வம் என்று இவருக்கு ஒரு சிநேகிதன், டெம்போ ஓட்டுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றுவான். அவனுக்கு ஒரே மேட்சில் நாலு மார்வலஸ் விழும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு குட் கிடையாது. வஞ்சிரக் குழம்பு வைத்துப் போட்டாலும் ‘உப்பு கம்மி’ என்றுதான் வரும். பன்னீர் பேர் ஸ்பீக்கரில் கேட்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்தது. தான் நிற்கப்போவதாக இவர் புது வேட்டி சட்டை எல்லாம் எடுத்து வைத்திருந்தார். எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர், மூணாம் நாள் என்னிடம் வந்தார்.

“உன் பேர்ல நிப்போம். நீ கையெழுத்து போட்டா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்.”

நானா சும்மா இருப்பேன்? வீடு வீடாக ஏறி இறங்கினேன். குழாயடியில் என்னோடு குடத்தால் அடித்துக்கொண்டவள் வீட்டுக்குக்கூடப் போய், “அக்கா, மறந்துடாத” என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜெயித்தேன். ஓட்டு எண்ணும் இடத்தில் என் பேரைச் சொன்னதும் என் கண் நேராக இவர் வாய்க்குத்தான் போனது. கங்கிராஜுலேஷன்ஸ்கூட வேண்டாம், ஒரு சூப்பர்ப் போதும் என்று நின்றேன். பன்னீர் மாலையோடு ஓடி வந்து இவர் கழுத்தில் போட்டான். இவரும் குனிந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “வாக்களித்த பெருமக்களுக்கு எல்லப்பனின் நன்றி” என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை, “பசிக்குது, சோத்த போடு.”

போட்டேன். தட்டுதான் கொஞ்சம் சத்தமாகத் தரையில் உட்கார்ந்தது.

பொங்கல் வந்தது. பன்னீர் வீட்டுக்கு வந்து, “அண்ணி, மெம்பரு நீங்க கீறப்போ வேற யாரு கப்பு குடுக்கறது? நீங்கதான் வரணும்” என்றான்.

“அவளுக்கு இன்னாடா தெரியும் கிரிக்கெட்டு?” என்றார் இவர்.

“எல்லாம் தெரியும். வருசா வருசம் காதுல வுழுந்துகினுதான கீது” என்றேன்.

மாட்டுப் பொங்கலன்று சதுரங்கப்பட்டினம் டீமோடு ஃபைனல். கடைசிப் பந்தில் பன்னீர் ஆறு அடித்து ஜெயித்தான். இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மார்வலஸ் வந்தது. அதன் பின்னாலேயே கங்கிராஜுலேஷன்ஸ் வந்தது, கடற்கரை வரை இழுத்துக்கொண்டு போனது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, கப்பை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

கப்பைக் கொடுத்தேன். கொடுத்தவர்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். இவர் மைக்கை நீட்டி, “நன்றி வணக்கம்னு சொல்லிட்டு மைக்க குடுத்துடு” என்று பல்லுக்கு நடுவில் சொன்னார்.

“பன்னீரு பேட்டிங் மார்வலஸ்” என்றேன். பையன்கள் விசில் அடித்தார்கள். “தோத்த டீமு பவுலிங் சூப்பர்ப்.” அவர்களும் விசில் அடித்தார்கள். நிறுத்தி இவரைப் பார்த்தேன். மாலைக்குக் குனிந்த அன்றைய முகத்தோடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

“கமெண்ட்ரி, குட்.”

கிரவுண்டே சிரித்தது. மைக்கை அவர் கையில் திணித்தேன். அதை அணைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டே, “இன்னாடி, ஊரானுக்கெல்லாம் மார்வலஸு, எனக்கு மட்டும் வெறும் குட் தானா?” என்று கேட்டார். அது குழாய் வழியாக எங்கள் தெரு வரைக்கும் போனது.

“எலெக்‌ஷன்ல ஜெயிச்சேனே, எனக்கு அதுவாச்சும் வந்துச்சா?” என்றேன். அதுவும் போனது.

“அது நான் நிக்க வேண்டிய சீட்டு” என்று முணுமுணுத்தார். முணுமுணுப்பும் போனது.

தன் குரல் திரும்பி வந்து காதில் விழுந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நான் பன்னீரைப் பார்த்து இத்தனை வருஷம் வெந்ததை, இவர் என்னைப் பார்த்து மூன்று மாதமாக வெந்துகொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது.

இவர் தொண்டையைச் செருமினார். பன்னீரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “கங்கிராஜுலேஷன்ஸ்” என்றார்.

பன்னீருக்கு இழுத்ததில் கால்வாசிகூட இல்லை. விடுவேனா? மைக்கை அவர் வாய்க்கு இன்னும் கிட்டத்தில் தள்ளினேன்.

“யோவ், இழுத்துச் சொல்லு.”