பூட்ஸ்காரர்

"அக்கா, பேசினது நான்தான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று நுர்ஸாத் போனில் சொன்னபோது, நான் தலைநகர் பிஷ்கெக்கில் எங்கள் அலுவலகத்தில் அடுத்த குரல்பதிவுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். மாட்டுக்கொட்டிலில் நின்று பேசினாள் போலிருக்கிறது, பின்னால் பசு கத்தியது. நாங்கள் வெளியிட்ட பதிவில் அவள் பெயரை மாற்றியிருந்தேன், குரலை மாற்றியிருந்தேன். ஊர் நாரின் மலைப்பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு எப்படி?

எங்கள் குழுவில் ஆராய்ச்சி செய்பவர்கள் வேறு. வீட்டுக்கு வந்த மருமகள்களின் ஒரு நாள் எந்தெந்த வேலையில் கரைகிறது என்று நூற்று நாற்பது பக்கம் எழுதி வைத்தார்கள். அதை யார் படிக்கப்போகிறார்கள்? அதையே ஒரு நிமிடத்துக்குள் அடக்கி, குரலும் கோட்டுப்படமுமாக எல்லார் போனுக்கும் கொண்டுபோவது என் பிழைப்பு. நுர்ஸாத்தின் நிமிடம் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. "பூட்ஸ்காரர் வந்து உக்காந்தா மூணு மணி நேரம் டீ ஊத்தணும். புள்ள அழுதாலும் எந்திரிக்க முடியாது" என்று அவள் சொல்வதை மூன்றே நாளில் அறுபதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்தப் பேர ஏன்க்கா அப்படியே விட்டீங்க?"

"எந்தப் பேர?"

"பூட்ஸ்காரர்."

புருஷனின் அண்ணன், அதாவது மூத்தார், பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பதிலாக ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு பெயர் கட்டிக்கொள்வாள், ஒருத்தி கட்டியதை இன்னொருத்தி தொடமாட்டாள் என்பதெல்லாம் கல்யாணம் ஆகாமல் முப்பத்தாறைத் தாண்டிய நகரத்துக்காரிக்கு எங்கே தெரியும்? மணப்பெண்ணாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது இவள் கண்ணில் பட்டது மூத்தாருடைய பூட்ஸ் மட்டும்தானாம். எட்டு வருஷமாக ஊரிலேயே அவரை அப்படிச் சொல்பவள் இவள் ஒருத்திதான். நானோ யாரோ பூட்ஸ் போட்ட ஆள் என்று நினைத்துவிட்டேன். அங்கே பூட்ஸ் போடாத ஆம்பளை யார்?

"எடுத்துடவா?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் ஓர் ஆணின் குரல் கேட்டது, போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். அது நுர்ஸாத்தின் புருஷன் வீடு. கடைசி மகனுக்குத்தான் எங்களில் பெற்றவர்களின் வீடு. அவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான், அவளுக்கு அவனோடு பேச அந்தப் போனை விட்டால் வேறு வழி கிடையாது. இப்போது அது மூத்தாரின் முழங்காலருகே கிடந்தது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அவர், இங்கே வந்து பெரியவர்கள் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நுர்ஸாத் வாசலோரம், டீக்குத் தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் இருந்தாள்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. என் பூட்ஸ்ல உனக்கு என்ன ஆராய்ச்சி? பஸ்ஸுல ஏறினா எல்லாவனும் என் காலைத்தான் பாக்குறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. "தப்பு என்னோடதுதான் அண்ணா."

"அப்ப எடுத்துடு. போனக் குடுத்துடறேன்."

"பேசினது நுர்ஸாத். அவ எடுன்னு சொன்னா இப்பவே எடுத்துடறேன்."

"என் முன்னாடி அவ வாயத் திறக்கமாட்டா" என்றார், பெருமையாக.

உண்மைதான். அவள் தலை குனிந்தே இருந்தது. என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு மண்டை குடைந்தது. என்னால் போனை இழந்தவள். எடு என்று கண்ணால் சாடை காட்டியிருந்தால்கூட எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள், அரைக் கோப்பை. விருந்தாளிக்கு அதற்குமேல் ஊற்றமாட்டோம். இன்னும் இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம்.

மூத்தார் பஸ்ஸில் யார் யார் சிரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே, பார்க்காமல் தன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஊற்றினாள். தேநீர் பாதியைத் தாண்டியது. கெண்டியை அவள் நிமிர்த்தவில்லை. கோப்பையின் உள்பக்கத் தங்கநிறக் கோட்டையும் தாண்டித் தேநீர் விளிம்பில் வந்து நின்றது.

அவர் இப்போது கோப்பையைப் பார்த்தார். அவள் வலக்கையால் கோப்பையை நீட்டி, இடக்கையை நெஞ்சில் வைத்து, மரியாதை இம்மியும் குறையாமல் காத்திருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.