கிழக்கே சரிந்த பதினேழு குறிகள்

அது 1941. கொழும்பில் ஓர் அரசாங்க வரைபட அறை. கொட்டாஞ்சேனை மாக்ரெட், மலையில் பாறை அளந்து வந்த மர்ஸூக்கின் குறிப்புகளை வைத்து, மூன்று மாதமாக மலைநாட்டின் ஒரு துண்டை மெழுகுத்துணியில் மையால் வரைந்திருந்தாள். மாலை நான்கு மணிக்கு அது அச்சுக்குப் போகவேண்டும்.

பாறை அடுக்கு எந்தப் பக்கம் சரிகிறது என்பதை வரைபடத்தில் ஒரு சிறு குறி காட்டும். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வரும் தலைமை வரைவாளர் சிவானந்தன் அந்தக் குறிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பிள்ளை, பாறை மடிப்பெண்டால் கூரை மாதிரி. ஒரு பக்கம் கிழக்கே சரிஞ்சால் மற்றது மேற்கே சரியவேணும். நீர் ரெண்டையும் கிழக்கே விட்டிருக்கிறீர்."

"மர்ஸூக் அளந்தபடிதான் போட்டனான் சேர்."

"அவன்ர கொம்பாஸில கிழக்கும் மேற்கும் மாறிக் கிடக்கும். குழம்பியிருப்பான்."

நடக்கக்கூடிய பிழைதான். பெட்டி வலப்புறம் திரும்பும்போது முள் வடக்கிலேயே நிற்கும். பார்ப்பவருக்கு முள் இடப்புறம் போனதுபோல் இருக்கும். அதனால் பாறை அளக்கும் திசைகாட்டியில் கிழக்கையும் மேற்கையும் வேண்டுமென்றே இடம் மாற்றி எழுதுவார்கள். பழகாதவர் அதைத் 'திருத்தி' வாசித்துவிடுவார்.

சிவானந்தன் மை சுரண்டும் பிளேடை மேசையில் வைத்தார். "மேற்குப் பக்கத்துப் பதினேழையும் மாத்தும். ஏலாதெண்டால் வேற ஆளிட்டக் குடுப்பன். வரைபடத்துக்குக் கீழ அவற்ற பேர்தான் வரும்."

மாக்ரெட் பிளேடைத் தொடவில்லை. மர்ஸூக்கின் குறிப்புப் புத்தகத்தை விரித்து, அதே மேற்குப் பக்கத்தில் அவர் எழுதியதை வாசித்தாள்: "காலை ஏழரை. சரிவு முகத்தில் முழு வெயில். கண் திறக்க முடியவில்லை."

"கொம்பாஸ் பிழைக்கலாம் சேர். மேற்கே சரிஞ்ச முகத்தில காலமை வெயில் விழுமா?"

சிவானந்தன் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். "இந்த மனிசன் அளக்கப் போனவனோ, முறைப்பாடு எழுதப் போனவனோ? சரி, அப்ப இது எப்பிடி மடிப்பாகும்?"

மாக்ரெட் ஒரு துண்டு மெழுகுத்துணியை மேசையில் பரப்பினாள். இடது ஓரத்தை அடிமட்டத்தால் அழுத்திக்கொண்டு வலது ஓரத்தைத் தள்ளினாள். துணி கூரைபோல் எழும்பியது. இன்னும் தள்ளினாள். கூரை இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. இப்போது அதன் இரு பக்கங்களும் வலப்பக்கமே சரிந்து கிடந்தன.

"கிழக்கால உள்ள கல்லு வேற, மேற்கால உள்ளது வேற. இது ரெண்டு நிலம் வந்து ஒட்டின தையல் சேர். கிழக்குத்தான் தள்ளியிருக்கு."

அதன் வயது அவர்கள் இருவருக்கும் தெரியாது. பின்னாளில்தான் ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி ஆண்டு என்று கணித்தார்கள். நிலத்தின் ஆழத்தில், கடும் சூட்டில், பாறை உடையாமல் துணிபோல் மடிந்தது. மேலே எழுந்த மலைகளை மழை கரைத்துக்கொண்டு போனது. மிஞ்சிய வேரின் மேல்தான் நம் வீடுகள் நிற்கின்றன.

சிவானந்தன் துணியைத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை. மைப்பேனாவை எடுத்து மாக்ரெட்டிடம் நீட்டினார்.

"பேரைப் போடும். முழுப்பேர்."

அவள் எழுதத் தொடங்கினாள்.

"கொஞ்சம் சின்னனாய் எழுதும் பிள்ளை. மலைக்கும் இடம் வேணும்."