மிஞ்சிய ஒயர்கள்

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை விற்றுத்தான் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பணம் திரட்டினார்கள். தம்பிக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் பிடிக்கும். அக்காவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: பனி மூடிய மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டுவது. கூரியர் அலுவலகத்தில் ஊர்வாரியாகப் பார்சல்களைக் கட்டி அனுப்புகிறவளுக்கு, அந்தப் பார்சல்களோடு தானே கிளம்பிப் போவது போல ஒரு நிறைவு அதில் இருந்தது. இனிமேல் இருவரும் வேலைக்கு நடந்துதான் போக வேண்டும். வாங்குவது ஓடாவிட்டால் வண்டியும் இல்லை, விளையாட்டும் இல்லை. 

பாகங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக்கு உயிர் கிராஃபிக்ஸ் கார்டு என்பதால் அதை முதலில் வாங்கினார்கள். இருந்ததில் பாதியை அது விழுங்கியது. பிராசசர் போன தலைமுறையைச் சேர்ந்தது. ரேம் தேவைக்குச் சரியாக இருந்தது. கலர் கலராக விளக்கெரியும் ஃபேன்களுக்குத் தம்பி ஆசைப்பட்டான். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று அக்கா மறுத்துவிட்டாள். கடைசியில் மிஞ்சியதைக் கொண்டு, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளையைப் பழையதாக வாங்கினார்கள். விற்றவர் எதைக் கேட்டாலும் 'நிதானம், நிதானம்' என்பார். அதனால் தம்பி அவருக்கு நிதானம் என்றே பெயர் வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பூட்ட ஆரம்பித்தார்கள். திருகுகிற வேலை தம்பிக்கு, ஒயர் வேலை அக்காவுக்கு. பார்சல் கட்டிய கை அல்லவா. எங்கே போகிற ஒயர் எது என்று பிரித்து, கொத்துக் கொத்தாகக் கட்டி, கம்ப்யூட்டர் கேபினெட்டின் உள்தகட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். முன்னால் இருந்து பார்த்தால் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படாது. நான்தான் கட்டினேன் என்று அலுவலகத்தில் காட்டலாம் போலிருந்தது.

பொத்தானை அழுத்துவதற்கு முன் அக்கா குனிந்து பழைய பவர் சப்ளையை மோந்து பார்த்தாள். கருகிய வாடை லேசாக அடித்தது. மட்டமான பவர் சப்ளை தீப்பிடித்து, கூடவே மற்றதையும் கொண்டுபோன கதைகளை அவள் நிறையப் படித்திருந்தாள்.  இஸ்திரிப் பெட்டியை மோந்தாலும் நீ இதையேதான் சொல்லுவாய் என்று தம்பி கிண்டல் செய்தான். பிறகு அவனும் மோந்து பார்த்தான். அவனும் பொத்தானைத் தொடவில்லை.

இருவரும் நிதானத்தின் கடைக்கு நடந்தார்கள். பழைய பவர் சப்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள். தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் பெரியதைக் கொடுத்துச் சிறியதை வாங்கி, மிச்சம் பிடித்த பணத்தில் புதுப் பவர் சப்ளை வாங்கி வந்தார்கள். பவர் சப்ளையிலிருந்து கழற்றிய பழைய ஒயர்கள் தகட்டுக்குப் பின்னால் கட்டியபடியே வீட்டில் இருந்தன. நிதானம் அவற்றைக் கேட்கவும் இல்லை.

"கட்டினத அவுக்க வேண்டாம்டா. பவர் சப்ளை பெட்டிய மட்டும் மாத்து," என்றாள் அக்கா.

தம்பி ஒவ்வொரு ஒயரின் நுனியையும் புதுப் பெட்டியில் செருகிப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. புதுப் பெட்டியோடு வந்த ஒயர்கள் உறை பிரிக்காமல் கிடந்தன.

பொத்தானை அழுத்தினான். 'டிக்' என்று ஒரு சத்தம். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

 தான் எதையும் தப்பாக மாட்டவில்லை என்றான் தம்பி. அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தலாமா என்று கேட்டான். அக்கா அவன் கையைத் தள்ளிவிட்டாள். அவன் நிதானத்துக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான்.

அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். ரேம் நன்றாக அமர்ந்திருக்கிறதா, பிராசசருக்கு மின்சாரம் போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்ற தம்பி, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க நினைத்து, புது ஒயர்கள் பிரிக்கப்படாமல் அப்படியே மிஞ்சியிருக்கின்றன, வேண்டுமானால் திருப்பித் தருகிறோம் என்றான்.

நிதானம் சட்டென்று குறுக்கிட்டார்.

"அப்ப உள்ள மாட்டியிருக்கறது?"

"பழைய பெட்டியோடதுண்ணே. கச்சிதமா உக்காந்துது."

"மொதல்ல பிளக்கப் புடுங்கு. புடுங்கிட்டியா?"

நிதானத்தின் குரல் உயர்ந்து அவர்கள் கேட்டதே இல்லை. அக்கா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதன்பிறகே அவர் விளக்கினார். நுனிகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பாய்ந்திருக்கலாம். புதுப் பெட்டி என்பதால் ஆபத்தை உணர்ந்து தானே அணைந்திருக்கும். அதற்குள் எது பிழைத்தது, எது போனது என்பது மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே," என்றான் தம்பி.

"புது ஒயர் இருக்கறப்ப பழசப் போடுவீங்கன்னு எனக்கு எப்படிப்பா தோணும்?"

அக்கா கத்தரிக்கோலை எடுத்துத் தன் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். எது எரிந்த வாடை, எது புது ஒயரின் பிளாஸ்டிக் வாடை என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தம்பி உறையைப் பிரித்துப் புது ஒயர்களைச் செருகினான். அவை குடல் சரிந்தது போல மேசையோரம் தொங்கின. அவற்றைக் கட்டாமலேயே விட்டார்கள்.

பிளக்கைச் செருகிவிட்டு அக்கா கதவோரம் போய் வீட்டின் மெயின் சுவிட்சின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"புகை வந்தா சொல்லு."

"புகை வந்தா நான் வேற சொல்லணுமாக்கா?"

அழுத்தினான். ஃபேன் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன்களும் கிளம்பின. திரை வெளுத்து எழுத்துகள் வந்தன. பிராசசர் இருக்கிறது, ரேம் இருக்கிறது, கார்டு இருக்கிறது என்று தம்பி வாசித்தான். அடுத்த வரியை மனதுக்குள் வாசித்தான். மறுபடி வாசித்தான்.

"எஸ்எஸ்டியக் காணோம். அது போயிடுச்சு போல."

"மத்ததெல்லாம்?"

"இருக்கு."

"எத்தன நாளைக்கு இருக்கும்?"

 எஸ்எஸ்டியை மெல்ல வாங்கிக்கொள்ளலாம், முதலில் வந்து பார் என்று கூப்பிட்டான். நீயே பார் என்றாள் அக்கா. ஃபேன் ஒரு கணம் வேகம் குறைந்து, மறுபடி ஏறியது. அது எப்போதுமே அப்படித்தான் என்றான் தம்பி, அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவன். அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.